பன்னிரண்டாம் பக்கம்

மூன்றாவது முறை சுவர் அதிர்ந்தபோது அலமாரியிலிருந்த புத்தகங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு பிளாஸ்டிக் உறைகள் சரசரத்தன. ராமபத்ரன் பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்து, "பக்கத்துல ஏதாவது வேலை நடக்குதா தம்பி?" என்று கேட்டார். "ஆமா சார், ஆணி அடிக்கிறாங்க," என்றான் மதியழகன். கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னான். யோசித்திருந்தால் இவ்வளவு நல்ல பொய் வந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, வாரியக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், யார் வீட்டிலும் ஆணி அடிக்கலாம், ஒரு காலண்டர், ஒரு சாமி படம், முகம் பார்க்கிற கண்ணாடி, நியாயமான காரியம்தான். ஆனால் ஆணிச் சத்தம் கெட்டியாக இருக்கும், இது அப்படியில்லை, தண்ணீர் நிறைந்த குடத்தைச் சுவரில் மோதுவதுபோல உள்ளுக்குள்ளேயே அடங்கிப்போகிற சத்தம், இது அவன் அக்கா சரளா. தலையாக இருக்காது, தோளாக இருக்கும், தலை என்றால் இன்னும் சின்னதாக, கூர்மையாகக் கேட்கும் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தலைக்கும் தோளுக்கும் சத்தத்தில் வித்தியாசம் தெரிகிற அளவுக்குத் தான் கேட்டுப் பழகிவிட்டோம் என்பது அதற்கு அடுத்த நொடியில் உறைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் டில்லிபாபுவும் குடியிருந்தார்கள். கல்யாணத்தின்போது பக்கத்து வீடே வாடகைக்குக் காலியானதை அம்மா பெரிய அதிர்ஷ்டம் என்றாள், கட்டிக்கொடுத்த பிறகும் பெண் கண் முன்னாலேயே இருப்பாள் என்றாள். கண் முன்னால் எங்கே இருந்தாள், காதுக்குப் பக்கத்தில் இருந்தாள். அம்மா இப்போது ஆஸ்பத்திரியில் தரை துடைத்துக்கொண்டிருப்பாள், ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். டில்லிக்கும் அந்த நேரம் தெரியும்.

"ஞாயித்துக்கிழமைகூட விட மாட்டாங்க போல," என்று சிரித்துவிட்டு ராமபத்ரன் மறுபடி குனிந்தார். இன்சூரன்ஸ் ஆபீசில் அதிகாரி, நாற்பத்தைந்து வயதிருக்கும், மடிப்புக் கலையாத கைத்தறிச் சட்டை, புத்தகத்தைத் தொடுவதற்கு முன்னால் தன் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டவர். எம்.கே. தாண்டவன் எழுதிய உளவு நாவல்களின் முதல் பதிப்புகளை, அதுவும் கையெழுத்திட்ட பிரதிகளை மட்டும், இருபது வருஷமாகச் சேர்க்கிறார். நாடு முழுக்க அப்படிச் சேர்ப்பவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம், அந்தப் பத்துப் பேரும் ஒருவரையொருவர் சந்தேகப்படுவார்கள், அந்தப் பத்துப் பேருக்கும் ராமபத்ரன் தயாரிக்கிற பட்டியல்தான் வேதம். எந்தப் புத்தகம், எந்த மாதம், எத்தனை பிரதி பிழைத்திருக்கிறது, யாரிடம் இருக்கிறது என்று எல்லாம் அதில் இருக்கும். பட்டியலில் 'யாரிடம்' என்ற பத்தியில் எஞ்சினியர்கள் இருந்தார்கள், ஒரு டாக்டர், ஒரு ஓய்வுபெற்ற கலெக்டர் இருந்தார்கள். அங்கே 'மதியழகன், பி.காம்., வியாசர்பாடி' என்று ஒரு வரி வரவேண்டும் என்பதற்காக அவன் ஆறு மாதமாகக் கடிதம் எழுதி, போன் செய்து, இந்த மனிதரை மூன்று மாடி ஏற வைத்திருந்தான். பட்டம் வாங்கிய அன்று அம்மா அதைக் கண்ணாடி போட்டு மாட்டினாள், ஆனால் அந்தக் கண்ணாடியைப் பார்த்து யாரும் அவனை உள்ளே வா என்று கூப்பிடவில்லை. இந்தப் பட்டியல் கூப்பிடும் என்று நினைத்தான். அவர் தன் துணிப்பையில் 'ஹாங்காங் ஈரம்' கொண்டுவந்திருந்தார், அவரிடம் இரண்டு பிரதி உண்டு. அவனுடைய 'பனிக்கட்டிக் கயிறு' அவருக்குத் திருப்தியாக இருந்தால் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. அது கிடைத்தால் பட்டியலில் அவன் பெயர் உறுதி. இப்போது அவர் பின்னட்டையைப் பார்த்தார். முதல் பதிப்பென்றால் தலைவலித் தைல விளம்பரம் இருக்கும், இரண்டாவது அச்சில் அது ஊறுகாயாக மாறிவிட்டது. "தைலம். சரி." நடுவிலே அடித்த பின்னைப் பார்த்தார், துரு காகிதத்துக்குள் இறங்கியிருந்தது. "பின்னைக் கழட்டவே இல்லை. ரொம்ப சரி." ஒவ்வொரு சரிக்கும் மதியழகனின் நெஞ்சு ஒரு விரல் அகலம் இறங்கியது, அப்போது சுவர் நான்காவது தடவை அதிர்ந்தது.

இந்தத் தடவை அதோடு ஒரு பாத்திரமும் விழுந்து உருண்டது. உடனே டி.வி.யின் சத்தம் ஏறியது. டில்லி எப்போதும் அப்படித்தான், முதலில் அடிப்பான், அப்புறம்தான் சத்தத்தைக் கூட்டுவான், முன்யோசனை கிடையாது. முன்யோசனை இல்லாதவனை வீழ்த்துவது எளிது என்று தாண்டவனின் உளவாளி பிரதாபன் எத்தனையோ நாவலில் சொல்லியிருக்கிறான். மதியழகன் டில்லியை இதுவரை குறைந்தது நாற்பது விதமாகக் கொன்றிருப்பான். கப்பல் தளத்தில் வைத்து, ரயில் கழிவறையில் வைத்து, பியானோக் கம்பியால், குடையின் முனையால். டில்லி ஒவ்வொரு தடவையும் அதே ஆச்சரியத்தோடு விழுவான், வாய் திறந்திருக்கும், உதட்டு மேலே ஒரு வெற்றிலைக் கறை. குளிக்கும்போது கொல்வான், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கொல்வான், கொன்று முடித்துவிட்டுக் கையைப் பார்ப்பான், கையில் பயணச்சீட்டு இருக்கும். நிஜத்தில் ஒரே ஒரு தடவை போனான். போன பொங்கலுக்கு முந்தின வாரம், கதவைத் தட்டி, "மாமா, கொஞ்சம் நிறுத்துங்க" என்றான். நிறுத்துங்க. அந்த 'ங்க' இன்னும் அவனுக்குக் கூசியது. அடிக்கிறவனிடம் மரியாதை விகுதியோடு போய் நின்றான். டில்லி கோபப்படவேயில்லை, அவன் மணிக்கட்டைப் பிடித்து, பேசிக்கொண்டே, முதுகுக்குப் பின்னால் மெதுவாக மேலே ஏற்றினான். "இன்னா மச்சான், பட்டதாரி, தீர்ப்பு சொல்ல வந்தியா? போ, போய் பொஸ்தகம் படி, உனுக்கு அதான் வரும்." தோள் மூட்டில் ஏதோ ஒன்று கிழிகிற மாதிரி இருந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, அதை அக்கா பார்த்தாள். அன்றைக்கு அவன் திரும்பி வந்த பிறகு சுவர் வெகுநேரம் ஓயவில்லை. மறுநாள் குழாயடியில் குடத்தை நிரப்பிக்கொண்டே, அவனைப் பார்க்காமல், அக்கா சொன்னாள்: "நீ வராதடா. நீ வந்தா அவருக்கு இன்னும் ஏறுது. எனக்குதான் டபுளா விழுது. நீ கவர்மெண்டு பரீட்சைக்குப் படி." அவன் அதைப் பிடித்துக்கொண்டான். எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டான் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவள்தான் வராதே என்றாள், போனால் அவளுக்குத்தான் கெடுதல், போகாமல் இருப்பதுதான் அவளுக்குச் செய்கிற உதவி, இந்த மூன்றையும் வரிசையாகச் சொல்லிப்பார்ப்பான், கணக்கு சரியாக வரும், சரியாக வந்தவுடன் உடம்பு குளிர்ந்து ஒரு நிம்மதி பரவும். அந்த நிம்மதியைத்தான் அவனால் மன்னிக்க முடியவில்லை. அவளுக்காகப் போகாமல் இருக்கிறவனுக்கு ஏன் நிம்மதி வரவேண்டும்? தோள் வலிக்காது என்ற நிம்மதிதானே அது?

"தம்பி," என்றார் ராமபத்ரன். குரல் மாறியிருந்தது. "கையெழுத்து எங்கே இருக்கு?" அவனுக்குக் காது அடைத்தது. இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தாண்டவன் எல்லாரையும்போல முதல் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அல்ல. அங்கே போட இது என்ன பத்திரப் பதிவா, கொலைக்காகத்தானே வாங்குகிறாய், அங்கேயே போடுகிறேன் என்பார். கதையில் முதல் பிணம் விழுகிற பக்கத்தில், அந்த வரிக்குக் குறுக்கே, சிவப்பு மையில் போடுவார். அதிலும் அவராகப் பக்கத்தைத் திருப்ப மாட்டார், வந்தவன் திருப்பிக் கொடுக்கவேண்டும், தப்பான பக்கத்தைக் காட்டினால் கையெழுத்துக் கிடையாது, போய்ப் படித்துவிட்டு வா என்று அனுப்பிவிடுவார். அதனால்தான் சேர்ப்பவர்களுக்குப் போலியைப் பிடிப்பது சுலபம். 'பனிக்கட்டிக் கயிறு' நாவலுக்குப் பட்டியலில் இருந்த பக்கம் முப்பத்தொன்று, தூதர் குளியல் தொட்டியில் செத்துக்கிடக்கிற இடம், பிழைத்திருக்கிற நான்கு பிரதிகளிலும் அங்கேதான் சிவப்பு. "பன்னெண்டாம் பக்கம் சார்," என்றான். ராமபத்ரன் பன்னிரண்டைத் திருப்பினார், கையெழுத்தைப் பார்த்தார், முப்பத்தொன்றைத் திருப்பினார், அங்கே சிவப்பில்லை, மறுபடி பன்னிரண்டுக்கு வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "எழுத்து அவருது மாதிரியே இருக்கு. ரொம்பத் தேர்ந்த கை. ஆனா பக்கம் தப்பு. உங்களை யாரோ ஏமாத்திட்டாங்க தம்பி. எங்கே வாங்கினீங்க?" ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் கருணையாகத்தான் சொன்னார், ஆனால் நீயே போட்டாயா என்ற கேள்வி அதன் ஓரத்தில் நின்றதை அவன் பார்த்தான். அவர் பார்வை சிமெண்ட் தரையைத் தொட்டு, அடுப்பைத் தொட்டு, கொடியில் தொங்கிய அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீருடையைத் தொட்டுத் திரும்பியது. ஒரு கணம் அவனுக்கு அந்தப் பூதக்கண்ணாடியை வாங்கி அந்த மடிப்புக் கலையாத சட்டையின் மேலேயே உடைக்கவேண்டும்போல இருந்தது. டில்லியை அடிக்க முடியாத கை எவ்வளவு சுலபமாக இந்த மனிதரிடம் பாய்கிறது என்று உடனே வெட்கமாகவும் இருந்தது. சுவர் ஐந்து. சின்னதாக, கூர்மையாக.

"எங்கக்கா வாங்கினது சார்," என்றான். "நான் பிளஸ் டூ பாஸ் பண்ணினப்ப. அவங்களே நேர்ல போய் வாங்கினாங்க." அக்கா அப்போது ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள், இருபது வயது, பத்தாவதோடு நிறுத்தியிருந்தாள், அவன் படிக்கவேண்டும் என்பதற்காக நிறுத்தியிருந்தாள். தம்பிக்குப் பிடிக்குமென்று பழைய கடையில் அந்தப் புத்தகத்தைத் தேடிப் பிடித்து, வேலைக்குப் பஸ்ஸில் போய்வரும்போது முழுக்கப் படித்துவிட்டு, புரசைவாக்கத்தில் தாண்டவன் வீட்டு வாசலில் ஏழெட்டு ஆண்களுக்கு நடுவே வரிசையில் நின்றாள். திரும்பி வந்து அவன் கையில் கொடுத்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. அவன் பிரித்துப் பார்த்துவிட்டு, ஐயோ அக்கா, முப்பத்தொண்ணாம் பக்கம் சொல்லியிருக்கணும், கெடுத்திட்டியே, அவரும் எப்படிப் போட்டாரு என்று கத்தினான். அவள் முகம் விழுந்ததை அன்று அவன் கவனிக்கவில்லை, இன்று, ஆறு வருஷம் கழித்து, இந்தச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கவனித்தான். "முதல் பொணம் எங்கேம்மா விழுதுன்னு கேட்டாருடா. நான் இத்த எடுத்துக் குடுத்தேன். கண்ணாடியப் போட்டுக்கினு ரெண்டு தபா படிச்சாரு. நான் எழுதினதே எனக்கு மறந்துபோச்சும்மான்னாரு. அப்புறம் பேசவேயில்ல. போட்டுக் குடுத்துட்டாரு." அப்படிச் சொன்னாள். அவன் கேட்கவில்லை. கெட்டுப்போன பிரதி என்று வரிசையின் கடைசியில் வைத்தான். "அப்படி என்னதான் இருக்கு பன்னெண்டாம் பக்கத்துல?" என்று ராமபத்ரன் தனக்கே சொல்வதுபோல் கேட்டுப் புத்தகத்தை அவனிடம் நீட்டினார். "கையெழுத்துக்கு அடியில என்ன வரி? படிங்க பார்ப்போம்." அவன் படித்தான். நூறு தடவை தாண்டிப்போன வரி. 'சமையல்காரன் போன வாரம் பெண்டாட்டியை அடித்ததில் அவள் செத்துப்போய்விட்டபடியால், அன்றைக்குத் தூதருக்குக் காலைக் காப்பி வர அரை மணி தாமதமாயிற்று.' இதற்கு முன்னால் பிணம் இல்லை. புத்தகத்தில் முதலில் செத்தவள் இவள்தான். பெயரில்லாமல், அரை வரியில், ஒரு காப்பி தாமதமாவதற்குக் காரணமாகச் செத்தவள். எஞ்சினியர்களும் டாக்டரும் கலெக்டரும் அவனும், பூதக்கண்ணாடி வைத்துப் படித்த யாரும் அவளை எண்ணவில்லை, எழுதினவரே எண்ணவில்லை, பஸ்ஸில் நின்றுகொண்டு படித்த சரளா எண்ணினாள். ராமபத்ரன் எட்டிப் பார்த்து அந்த வரியைத் தானும் ஒருமுறை படித்தார். யோக்கியமான மனிதர்தான், யோசித்துத்தான் சொன்னார். "புரியுது தம்பி. கணக்குப்படி பார்த்தா அவளும் பிணம்தான். ஆனா இது உளவு நாவல். கதைக்குள்ள நடக்கிற கொலையைத்தான் எண்ணணும். இது சும்மா குடும்பத் தகராறு. இதைப் பட்டியல்ல எப்படிச் சேர்க்கிறது?"

ஆறாவது சத்தத்துக்காக மதியழகனின் தோள்கள் தாமாகவே இறுகின. அது வரவில்லை. டி.வி.யில் ஒரு பெண் எதையோ வாங்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இப்போது வரும். இன்னும் கொஞ்சத்தில் வரும். வழக்கமாக டில்லி களைத்த பிறகு அக்கா குழாயைத் திறப்பாள், முகம் கழுவுகிற சத்தம் கேட்கும், வாளி நகரும், அப்புறம் அடுப்புப் பற்றும், அந்த வரிசை அவனுக்கு மனப்பாடம். குழாய் திறக்கவில்லை. அவள் ஒருவேளை உட்கார்ந்திருப்பாள். ஒருவேளை மாவு வாங்கப் போயிருப்பாள், கதவு திறந்த சத்தம் கேட்கவில்லையே, டி.வி. சத்தத்தில் கேட்டிருக்காது. ஐந்தாவது சத்தம் சின்னதாக இருந்தது. சின்னதாகவும் கூர்மையாகவும் இருந்தது. தோள் இல்லை அது. போனால் அவளுக்கு இரண்டு மடங்கு விழும். போனால் அவளுக்கு இரண்டு மடங்கு விழும், ஆனால் அதற்கு அவள் எழுந்திருக்கவேண்டும். போலீசுக்குப் போன் பண்ணலாம், வருவதற்குள், வந்தால், வந்தவர் டில்லியோடு டீ குடிப்பார், போன தடவை கடைசி வீட்டு லில்லியம்மா கூப்பிட்டபோது அதுதான் நடந்தது. அம்மா இரண்டு மணிக்கு வருவாள். இரண்டு மணிக்கு வந்து அம்மா என்ன கேட்பாள், நீ எங்கே இருந்தாய் என்று கேட்பாள், வீட்டில்தான் இருந்தேன், ஒரு சார் வந்திருந்தார், புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தோம். பயம் எங்கே இருந்து வருகிறது என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்தது, வலது தோள் மூட்டிலிருந்து, ஒரு நரம்பு வழியாக அடிவயிற்றுக்குப் போனது. கொன்ற நாற்பது தடவையும் டில்லி திருப்பி அடித்ததேயில்லை. இப்போது அடிப்பான். பல்லுக்குப் பின்னால் இப்போதே ரத்தத்தின் இரும்புச் சுவை வந்துவிட்டது. ராமபத்ரன் 'ஹாங்காங் ஈர'த்தைப் பையிலிருந்து பாதி எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார். "மனசுல வெச்சுக்காதீங்க. வேற பிரதி கிடைச்சா சொல்லுங்க, நானே..." "சார், அது ஆணி இல்ல," என்றான் மதியழகன். "எங்கக்கா." அவர் சுவரைப் பார்த்தார். அவர் முகம் வெளுப்பதைப் பார்த்துக்கொண்டே அவன் எழுந்தான். எப்போது எழ முடிவு செய்தான் என்று பின்னால் எத்தனை தடவை யோசித்தும் அவனுக்குப் பிடிபட்டதில்லை. புத்தகம் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. முதல் தடவையாக அவன் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

வராந்தாவில் எட்டு அடிதான். வெயில் கண்ணைக் குத்தியது, யார் வீட்டிலோ கறி தாளிக்கிற வாசனை வந்தது, கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன, எல்லாக் கதவுக்குப் பின்னாலும் ஆள் இருந்தார்கள். அவன் தட்டவில்லை, இரண்டு உள்ளங்கையாலும் அடித்தான். தாழ்ப்பாள் விலகி, கதவு ஒரு சாண் திறந்தது. டில்லிபாபு பனியனோடு நின்றான், வேர்த்திருந்தது, மூச்சு மட்டும் கொஞ்சம் அதிகமாக வாங்கியது. "இன்னா மச்சான்? யாரோ சார் வந்துகிறாராமே. போய் கவனி, போ." அவன் இடுப்புக்கும் கதவு விளிம்புக்கும் நடுவில் கொஞ்சம் தரை தெரிந்தது, கொட்டிய சோறு, அதற்கு அப்பால் மெட்டி போட்ட ஒரு கால், பாதம் ஒருக்களித்து, அசையாமல். "அக்கா," என்றான். "தூங்குறா," என்றான் டில்லி. மதியழகன் எத்தனையோ வாக்கியங்கள் வைத்திருந்தான், சட்டப் பிரிவோடுகூட ஒன்று வைத்திருந்தான், ஒன்றும் வரவில்லை. டில்லி கதவைச் சாத்தினான். மதியழகன் வலது கையை அதற்குள் வைத்தான். நான்கு விரல்களும் நிலைக்கும் கதவுக்கும் நடுவில் போயின, ஏதோ ஒன்று முறிந்தது, சுள்ளி ஒடிவதுபோல ஒரு சத்தம், அது தன் உடம்பிலிருந்து வந்தது என்று தெரிய ஒரு நொடி ஆயிற்று. வலி கண்ணுக்குப் பின்னால் வெள்ளையாக வெடித்தது. "எட்றா கைய!" என்றான் டில்லி. "மாட்டேன்." "பைத்தியமாடா நீ? எட்றா, மவனே!" டில்லி தோளைக் கொடுத்து மறுபடி தள்ளினான், மறுபடி ஒன்று ஒடிந்தது, மதியழகன் கத்தினான், வாழ்நாளில் இவ்வளவு சத்தமாக அவன் எதையும் சொன்னதில்லை. கத்தினான், ஆனால் கையை எடுக்கவில்லை, கை உள்ளே இருக்கும்வரை இந்தக் கதவு சாத்தாது என்ற ஒரே ஒரு எண்ணம்தான் மண்டைக்குள் இருந்தது, சுற்றவில்லை, வளையவில்லை, அப்படியே நின்றது. வராந்தா முழுக்கக் கதவுகள் திறந்தன. "அய்யோ, அந்தப் பட்ச்ச புள்ளைய இன்னாடா பண்றே டில்லி!" என்று லில்லியம்மா கரண்டியோடு ஓடிவந்தாள், அவள் பின்னால் இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் நான்கு பேர். மூன்று வருஷமாகச் சுவர் அதிர்ந்தபோது திறக்காத கதவுகள். அவர்களையும் அந்த நொடியில் அவன் வெறுத்தான், அவர்களில் ஒருவனாகத் தன்னையும் சேர்த்து வெறுத்தான். கூட்டத்தைப் பார்த்ததும் டில்லியின் கண் முதலில் தளர்ந்தது, அதற்குப் பிறகுதான் கதவை அழுத்திய தோள். உள்ளே அந்தக் கால் அசைந்தது. பாதம் தரையைத் தேடியது, சோற்றில் வழுக்கியது, மறுபடி தேடியது. சரளா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள், நெற்றியிலிருந்து இறங்கிய ரத்தம் ஒரு கண்ணை மூடியிருந்தது. திறந்திருந்த கண்ணால் கதவிடுக்கைப் பார்த்தாள். "மதி. கைய எடுடா. ஒடஞ்சிடும்." "நீ வெளியே வா," என்றான். பல் கிட்டிப்போய்ப் பேச்சு சரியாக வரவில்லை. "நீ வந்தப்புறம் எடுக்கிறேன்." டில்லி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவனைப் பார்க்கவேயில்லை, அவன் கைக்கு அடியில் குனிந்து, கதவை உள்ளே இழுத்துத் திறந்து, படி தாண்டி வெயிலுக்கு வந்தாள். அப்போது மதியழகன் கையை எடுக்கப் பார்த்தான், விரல்கள் வரவில்லை, அவை அவனுடையவை இல்லாததுபோல நிலையிலேயே ஒட்டிக்கிடந்தன. சரளா திரும்பி நின்று, முனகிக்கொண்டே, அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.